பதினான்காவது கல்

“சூரியன் ஒண்ணு, என் கண்ணு ரெண்டு. இந்த மூணும் இருக்கற வரைக்கும் எனக்கு மிஷின் எதுக்கு? மிஷின் சொல்லி நான் ஒரு கல்லை வைரம்னு ஒத்துண்டேன்னா, அன்னைக்கே இந்தத் தோட்டைக் கழட்டி வச்சுட்டுக் காதுல ஈர்க்குச்சி சொருகிக்கறேன். கேட்டேளா?”

கேட்டார்கள். கேட்காமலிருக்க வழியில்லை. சாலைக் கடைத்தெருவில், நேந்திரங்காய் வறுவல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே விழுந்திருந்த ஒரு முழ வெயிலில் நின்றபடி ஜெயலக்ஷ்மி மாமி இதைப் பிரகடனம் செய்தாள். விரல் நுனியில் யாரோ ஒரு பெண்ணுக்காகப் பார்க்க வந்த மோதிரம். மாமிக்குப் பின்னால் நகைக்கடையின் வைரப் பிரிவைக் கவனிக்கும் ஜெயன். ஜெயனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு கடைக் காவலாளி. விற்காத நகை வாசலைத் தாண்டினால் துப்பாக்கியும் தாண்ட வேண்டும் என்பது கடையின் சட்டம். வெயில் நகர்ந்தால் மாமி நகர்வாள். மாமி நகர்ந்தால் ஜெயன். ஜெயன் நகர்ந்தால் துப்பாக்கி. சரக்கு ஆட்டோக்காரர்கள் ஹாரனை மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதோ தெய்வம் எழுந்தருளுகிறது என்று நினைத்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

“பேனா மாதிரி ஒரு சின்ன மிஷினாக்கும் மாமி. கல்லைத் தொட்டா மதி, அது போதும், பீப்புன்னு சொல்லிரும். இந்த வெயிலு கொள்ளண்டாம்” என்று ஜெயன் பணிவாகச் சொன்னதற்குத்தான் அந்தப் பிரகடனம். ஜெயன் எல்லையோரப் பாறசாலைக்காரன்; தமிழில் இறங்கி மலையாளத்தில் கரையேறுகிறவன். பிரகடனத்தைக் கேட்டதும் அவன் மாமியின் இடது காதை ஒரு கணம் பார்த்தான். உடனே வறுவல் கடையைப் பார்த்தான்.

மாமியின் முதல் விரோதி கடைக்குள் எரியும் விளக்கு. “உள்ளே போட்டிருக்கானே லைட்டு, அதுக்குக் கீழே நம்ம கரமனை ஆத்துக் கூழாங்கல்லும் கண்ணடிக்கும். மினுக்கறது கல்லா, பல்பான்னு எப்படிச் சொல்லுவேள்? கல்யாணத்துக்கு அந்த பல்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பாளா?” இந்தக் கேள்விக்கு நகை வியாபாரிகள் யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மாமியின் பக்கம் நியாயம் இருக்கிறது. வைரம் தானாக எரிவதில்லை. வாங்கிய வெளிச்சத்தை உள்ளே இழுத்து, பட்டைக்குப் பட்டை மோதவிட்டு, சிவப்பும் நீலமுமாகப் பிரித்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. தனக்கென்று ஒரு துளி ஒதுக்கிக்கொள்வதில்லை. அந்த ஒழுக்கத்துக்காகவே மாமி வைரத்தை மதிக்கிறாள். மனிதர்களில் அப்படி ஒருவரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. கணவர் வெங்கடேஸ்வரன் உட்பட.

மாமிக்கு வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. கரமனை அக்கிரகாரத் தெருவில் வாசம். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால், வாங்குவதற்கு முன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது அந்தத் தெருக்களின் வழக்கம். அந்த மூன்று நாளில் ஒரு நாள் மாமிக்கு உரியது. மாடி அறையின் கிழக்கு ஜன்னலில், காலை வெயில் கம்பியைத் தாண்டி உள்ளே வந்ததும் நீதிமன்றம் கூடும். பெண்ணைப் பெற்றவர்கள் பட்டுத்துணிப் பொட்டலத்தோடு படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் நீதிமன்றத்துக்கு விடுமுறை. “ஆவணி பொறக்கட்டும், வாங்கோ” என்று சொல்லிவிடுவாள். வெயில் இல்லாமல் கல் பாஸாகவில்லை என்பதற்காக ஆனியில் நடக்க வேண்டிய கல்யாணம் ஒன்று ஆவணிக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளை அதற்குள் துபாய்க்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். மாமி அதற்கு மழையைத்தான் குறை சொல்கிறாள்.

விசாரணை முறை மாறாதது. முதலில் கல்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து ‘ஹா’ என்று ஊதுவாள். கண்ணாடியானால் மூச்சின் ஆவி மேலே படிந்து தயங்கும். வைரமானால் படிந்த சுவடே தெரியாமல் மறையும். சூடு வைரத்துக்குள் தங்காது, ஓடிவிடும். இரண்டாவது, பழைய செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தில் கல்லைக் கவிழ்த்து வைப்பாள். கல்லுக்குக் கீழே காலமானவரின் பெயர் தெரிந்தால் கல்லும் காலமானதுதான். வைரம் வெளிச்சத்தைத் திருப்பிவிடுமே தவிர, தன் வழியாக எதையும் படிக்க விடாது. இதுவரைக்கும் விஞ்ஞானம் மாமியோடு கைகோத்துத்தான் வருகிறது.

மூன்றாவது விசாரணையில் கையை உதறிக்கொள்கிறது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் கல்லைத் தட்டி, காதோரம் பிடித்து, கண்ணை மூடிக்கொள்வாள். “கண்ணாடி அழும். வைரம் அழாது, ஒத்தை வார்த்தைதான் சொல்லும்.” வைரத்துக்குள் ஒலி போகும் வேகம் சாதாரணமானதல்ல. நொடிக்குக் கிட்டத்தட்டப் பதினெட்டு கிலோமீட்டர். கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரைக்கும் ஒரு வைரப் பாலம் கட்டி இந்தப் பக்கம் தட்டினால், ஒரு நொடியில் அந்தப் பக்கம் கேட்கும். அதே தூரத்தைக் கடக்க, அங்கே வேலை பார்க்கும் மாமியின் மகள் மீராவுக்கு மாலை நேரத்தில் ஒன்றரை மணி ஆகிறது. ஆனால் மிளகு அளவு கல்லுக்குள் அந்த ஒலி ஓடி முடிப்பது எந்த மனிதக் காதுக்கும் எட்டாத சமாசாரம். மாமி இத்தனை காலம் கேட்டுத் தீர்ப்பளித்தது டம்ளரின் குரலை. அப்படியும் தீர்ப்புகள் பெரும்பாலும் சரியாக இருந்தன என்பது டம்ளருக்குப் பெருமை.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் மாமிக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. முப்பது வருஷம் கரண்டு ஆபீஸில் பில் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். “மீட்டர் பொய் சொல்லாதுன்னு முப்பது வருஷம் ஊருக்கே சத்தியம் பண்ணினவ நான். அதனாலதான் சொல்றேன். மீட்டரை நம்பிடாதேள்.” ஜெயனின் பேனா மிஷின், அவள் பார்வையில், வேஷம் மாற்றிக்கொண்டு வந்த மீட்டர். அது முதலில் கல்லுக்குள் சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும். பிறகு கரண்டு பாய்கிறதா என்று பார்க்கும். பாய்ந்தால் பெரும்பாலும் அது வைரத்தைப் போல நடிக்கும் வேறு கல். சுத்த வைரத்தில் சூடு பாயும், கரண்டு பாயாது. ஜெயன் இதை விளக்கியபோது மாமி பொறுமையிழந்தாள். “கரண்டு பாயாதுன்னு கண்டுபிடிக்க ஒரு மிஷினா? பாயற கல்லா இருந்தா நான் மிக்ஸி போடறப்போ காது கருகியிருக்குமேடா!”

மாமியின் காதில் கிடப்பது ஏழுக்கல் தோடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இரண்டு காதுக்குமாகப் பதினான்கு. கல்யாணத்தின்போது திருநெல்வேலியிலிருந்து வந்தது. பதினான்கும் ப்ளூ ஜாகர் ஜாதி. அதாவது, நிறம் வெள்ளைதான். ஆனால் வெயிலில் ஒரு நீல ஜாடை காட்டும். சூரியனில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் ஒன்று உண்டு. அதைக் குடித்துவிட்டு நீலமாகக் கொப்பளிக்கும் குணம் சில வைரங்களுக்கு உண்டு. வேறு ஊர்களில் இதைக் குறையென்று விலையைக் குறைப்பார்களாம். கரமனையில் அது குலப்பெருமை. மாமி யாரோடு பேசினாலும் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நிற்பாள். பேச்சின் நடுவே தலை லேசாக ஆடும். அது ஆமோதிப்பு அல்ல, காட்சி.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் முன்னால் தோட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்த வீட்டில் வெங்கடேஸ்வரன் மாமாவுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும் ஒரே தொழில்நுட்பப் பணி அது. தேய்த்து முடித்ததும் மாமி ஜன்னலில் வைத்து ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பாள். போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும், பதினான்கும் பாஸ். “உங்களுக்குத் தேய்க்கத் தெரியறதோ இல்லையோ, என் கல்லுக்கு மின்னத் தெரியறது” என்று கணவருக்கு நற்சான்றும் கொடுத்தாள். மாமா இரண்டு வருஷமும் குனிந்த தலை நிமிராமல் பிரஷ்ஷை அலம்பி வைத்தார்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த உலகத்துக்குள்தான் சுமந்த் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான்.

சுமந்த், மீராவுக்கு நிச்சயமான பையன். இருவரும் கழக்கூட்டத்தில் ஒரே மென்பொருள் அலுவலகம். டப்பாவுக்குள் கல்யாணத்துக்கு மீரா போட்டுக்கொள்ள வைரத் தோடு, அதுவும் ஏழுக்கல், மாமிக்குப் பிடிக்கும் என்று தேடி அதே மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறான். மாமி முகம் மலர்ந்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய், ஊதி, கவிழ்த்து, தட்டிப் பார்த்தாள். மூன்றிலும் பாஸ். திருப்பித் திருப்பிப் பார்த்து, “நீலம் மட்டும் இல்லே. போனாப் போறது. எங்கே வெட்டி எடுத்ததாம்?” என்றாள்.

“வெட்டி எடுக்கலை ஆன்ட்டி. லாப்ல வளர்த்தது. கார்பன் கேஸை மைக்ரோவேவ்ல காய்ச்சுவா. கொஞ்சம் கொஞ்சமாப் படியும். சில வாரத்துல ஆயிடும்.”

மாமி தோட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள்.

“மைக்ரோவேவா? அப்பளம் சுடறதே, அந்த மைக்ரோவேவா?”

“அதே மாதிரிதான் ஆன்ட்டி, பெரிசு. ஆனா வைரம் வைரம்தான். ஒளி, சூடு, கரண்டு, எல்லாத்துலயும் ரெண்டும் ஒண்ணு. இப்போ வைரத்துல ஸ்பீக்கருக்குத் தகடு பண்றா. விறைப்பா இருக்கறதால சத்தம் பிசிறே அடிக்காது. சிப்புகூடப் பண்ணப்போறா. கொஞ்சம் போரான் கலந்தா கரண்டும் பாயும்.”

சுமந்த் நல்ல பையன். மாமியாரை மயக்க விஞ்ஞானத்தைக் கையாண்டது ஒன்றுதான் அவன் செய்த தவறு. மாமிக்குக் கோபத்தில் மூக்கின் மேல் வியர்த்தது. “காதுல போட வேண்டியதைப் பெட்டிக்குள்ள போட்டுப் பாட விடறான். கரண்டு பாயாததுக்கு எதையோ கலந்து பாய விடறான். பூமிக்கடியில கோடி வருஷம் தபஸ் பண்ணினது வைரம். நாலு வாரத்துல ஆறது ஊறுகாய். என் பொண்ணு மணையில அப்பளத்தை மாட்டிண்டு உக்காரமாட்டா!”

“அம்மா, வெறுதே சீன் ஆக்காதே” என்றாள் மீரா. “நீயேதானே மூணு டெஸ்ட்லயும் பாஸ் போட்டே. நான் டெஸ்டிங்லதான் வேலை பாக்கறேன். பாஸான பிறகு பேரைக் கேட்டு ஃபெயில் போட்டா எங்க ஆபீஸ்ல வேலையை விட்டு அனுப்பிடுவா.”

“உங்க ஆபீஸ்ல அப்பளம் போடட்டும். கல்யாணத்தன்னிக்கு நீ என் தோட்டைத்தான் போட்டுக்கறே.”

“இதைப் போடக்கூடாதுன்னா எதையும் போடலை. மூளிக் காதோட உக்காருவேன்.”

முகூர்த்த நேரத்தில் கல்யாணப் பெண் மூளிக் காதோடு! இந்த வார்த்தையைக் கரமனைத் தெருவில் இதற்கு முன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மீரா டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலையே கழக்கூட்டத்து ஹாஸ்டலுக்குப் போனாள். அதன் பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய போன்கள் எல்லாம் அப்பாவின் போனுக்கு வந்தன. மாமி ஹாலில் உட்கார்ந்து, “சாப்பிட்டாளான்னு கேளுங்கோ” என்று கணவரிடம் சொல்வாள். “கேட்டாச்சு” என்பார் அவர். “என்னைக் கேட்டாளான்னு கேளுங்கோ” என்று மட்டும் அவளுக்குச் சொல்ல வராது. காதை விட்டுக்கொடுக்க மீராவும், கண்ணை விட்டுக்கொடுக்க மாமியும் தயாராக இல்லை. பத்திரிகை அடித்து, மண்டபம் பார்த்து, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலை ஓரத்து ஹால் ஒன்றில், அலுவலக நண்பர்கள் ஆட்டம் பாட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மாமி மாம்பழ நிறப் பட்டில் போனாள். ஸ்பீக்கர் ஆளுயரம். “நெஞ்சுக்குள்ள உரல் இடிக்கறது” என்று சுமந்தின் அம்மா, சம்பந்தி கௌசல்யா, மாமியின் காதில் கத்தினாள். கௌசல்யா வலியசாலைக்காரி, நாக்கில் எப்போதும் ஒரு ஊசியை வைத்திருப்பவள். பையன் ஆசையாகக் கொடுத்த தோடு அப்பளமாகிப்போன செய்தி அவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

திடீரென்று வெள்ளை விளக்கெல்லாம் அணைந்து, சூரியனின் அதே புற ஊதாக் கதிரைக் கக்கும் ஊதா விளக்கு மட்டும் எரிந்தது. வெள்ளையாக இருந்ததெல்லாம் பேய் பிடித்தமாதிரி ஒளிர்ந்தது. ஆடுகிறவர்களின் பற்கள் தனியாக ஆடின. வெங்கடேஸ்வரன் மாமாவின் சலவை வேஷ்டி ட்யூப்லைட்டானது. அத்தனைக்கும் நடுவில், மாமியின் இரண்டு காதிலும் நீல நெருப்பு பற்றியது.

பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். “ஆன்ட்டி, சூப்பர்! இதென்ன, பேட்டரியா?” என்று ஒரு பெண் கிட்டே வந்து பார்த்தாள். மாமியின் ஆயுளில் சூரியன் இவ்வளவு விசுவாசமாக அவளுக்கு வேலை செய்ததில்லை. தூரத்தில் நின்ற மீராவின் காதுகளை மாமி ஓரக்கண்ணால் பார்த்தாள். அன்று மட்டும் அந்தப் பெண் சுமந்தின் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அதில் ஒரு பொறிகூட இல்லை. இருட்டில் இருட்டாகக் கிடந்தது.

மாமிக்கு இந்தச் சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை. உரல் இடி ஓய்ந்த இடைவெளி பார்த்துக் குரலை உயர்த்தினாள். “பார்த்தேளா எல்லாரும்? இதுதான் கல்லு. மிஷின் பீப் பீப்புன்னு கத்த வேண்டாம். அதுவே சொல்றது. லாபாம் லாபு! அணைஞ்சு கிடக்கறதைப் பாருங்கோ!”

மீரா தலையைக் குனிந்துகொண்டாள். சுமந்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கௌசல்யா மெதுவாக எழுந்து மாமியின் இடது பக்கம் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“மாமி, கோச்சுக்கப்டாது. வேஷ்டிகூட ஜொலிக்கறது, அதுவும் ப்ளூ ஜாகரான்னு நான் கேக்கலை. இந்தக் காதுல ஆறுதான் எரியறது. ஓரத்துல ஒண்ணு அணைஞ்சு கிடக்கே? பல்பு போயிடுத்தா?”

பிள்ளைகள் போன் கேமராவை நீட்டினார்கள். படம் எடுத்துப் பெரிசாக்கிக் காட்டினார்கள். வலது காதில் ஏழு நீலப் புள்ளி. இடது காதில் ஆறு. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில், மீராவின் காதில் இருந்த அதே இருட்டு. மாமி கணவரைத் தேடினாள். நடக்கும் ட்யூப்லைட் ஒன்று வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டதாம்.

மறுநாள் காலை ஜன்னலில் வெயில் வந்ததும் மாமி தோட்டைக் கழற்றி வைத்து ஆராய்ந்தாள். ஊதினாள், ஆவி நிற்கவில்லை. பட்டை பட்டையாகத் திருப்பினாள். பக்கத்துக் கற்களின் நீலத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு கல் மற்றவற்றுக்கு ஒரு மாற்றுக் குறையாமல் மின்னியது. அதுதான் அவளை வெலவெலக்க வைத்தது. பொய்யாகத் தெரிந்திருந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள். ஆனால் இரண்டு நவராத்திரி பாஸ் போட்ட கண்ணுக்கு இப்போதும் அது பாஸாகவே தெரிந்தது. அப்படியானால் தவறு கல்லிலா, கண்ணிலா? மாமி மரண அறிவிப்புப் பக்கத்தை நாலாக மடித்து வைத்தாள். படியில் பொட்டலத்தோடு காத்திருந்த ஒரு குடும்பத்தை, வானம் நிர்மலமாக இருந்தபோதே, “இன்னைக்கு மேகமா இருக்கு” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

மதியம், கடையில் கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து ஜெயன் முன்னால் போய் உட்கார்ந்தாள். வெயிலுக்குப் போகவில்லை. காவலாளி எழுந்து துப்பாக்கியை எடுத்தவர், மாமி அசையாததைப் பார்த்துக் குழம்பி உட்கார்ந்துவிட்டார்.

“தெரிஞ்சவாளோடது ஒண்ணு இருக்கு. சும்மா ஒரு தடவை அந்தப் பேனாவால தொட்டுப் பாரேன்” என்று சொல்லியபடியே மாமி தன் இடது காதுத் திருகாணியைக் கழற்றினாள்.

ஜெயன் வாங்கிக்கொண்டான். தெரிஞ்சவர் யார் என்று கேட்கவில்லை. மிஷினின் நுனி சூடாகும்வரை இருவரும் அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கல்: பீப். சுற்றுக்கல் ஒவ்வொன்றாக: பீப், பீப். கடைசியில் அந்தக் கல்.

பீப்.

“வைரம்!” என்று மாமி எழுந்தே விட்டாள். “பார்த்தியா ஜெயா! வைரம்னா வைரம்தான்! சூடு ஓடறது, கரண்டு பாயலை, வேறென்ன வேணும்? நீலம் அடிக்கலைன்னா என்ன, சாதாரண வைரமா இருந்துட்டுப் போகட்டுமே! மிஷினே சொல்லிடுத்து!”

சொல்லி முடித்ததும் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. காவலாளியின் காதிலும் விழுந்தது. பிரகடனத்தன்று அவரும்தானே வெயிலில் நின்றார். அவர் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வைரம்தான் மாமி” என்றான் ஜெயன். தோட்டைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். “எனக்கறியும். நானாக்கும் வச்சது.”

“நீயா?”

“ரெண்டு கொல்லம், ரெண்டு வருஷம் முன்னே, நவராத்திரிக்கு முந்தி. மாமா தேய்க்கும்போ கல்லு தெறிச்சு வாஷ்பேசின் ஓட்டையில போயிட்டு. குழாயைக் கழட்டிப் பாத்தும் கிட்டல்ல. மாமா அழாத குறையா இங்க வந்து நின்னாரு. அந்தப் பழைய வெட்டுல, அந்த அளவுல, எங்கயும் கிடைச்சில்ல மாமி. நாளும் இல்ல. கடைசியில…” ஜெயன் காவலாளியைப் பார்த்தான்.

“சொல்லேன்.”

“லாபு. இந்த மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணாக்கும் மாமி. பூமியில எடுத்ததா, அடுப்புல பண்ணினதான்னு அதுக்குப் பிரிச்சறியாது. வைரமா இல்லையா, அது மட்டும்தான் சொல்லும்.”

நிலைமையைச் சட்டப்படி பார்ப்போம். மிஷின் சொன்னதை ஏற்றால் அந்தக் கல் வைரம், அந்தக் கல் வைரமென்றால் மீராவின் பதினான்கும் வைரம், அப்புறம் ஈர்க்குச்சி. மிஷினை ஏற்காவிட்டால், ஜெயலக்ஷ்மி மாமி இரண்டு வருஷமாக ஒரு காதில் அப்பளத்தைப் போட்டுக்கொண்டு, அதை வெயிலில் ஆட்டி ஆட்டி, ஊருக்குத் தீர்ப்பு வழங்கியிருக்கிறாள். மூன்றாவது வழி இருக்கிறதா என்று மாமி யோசித்தாள். முப்பது வருஷ அலுவலக அனுபவத்தில் மூன்றாவது வழி கிடைக்காமல் போனது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“இன்னொரு தடவை வை” என்றாள்.

ஜெயன் வைத்தான். பீப்.

வீட்டு வாசலில் வெங்கடேஸ்வரன் மாமா நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார் போல. மாமி செருப்பைக் கழற்றினாள். “ரெண்டு வருஷமா எப்படி வாயை மூடிண்டிருந்தேள்?”

“நீ பாஸ் போட்டுட்டியே” என்றார் அவர். “அதுக்கு மேலே நான் யாரு?”

இதில் பரிகாசம் இருக்கிறதா என்று மாமி அவர் முகத்தைத் தேடினாள். பாவம், இல்லை. “இந்த வருஷம் நானே தேச்சுக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தில் பெண்ணை அலங்கரிக்கும் அறை. கூரைப்புடவை கட்டி, ஜடை தைத்து, ராக்கொடி வைத்து எல்லாம் முடிந்திருந்தது, காதைத் தவிர. மீரா சொன்ன சொல்லை மாற்றவில்லை. இரண்டு காதும் மூளியாக இருந்தன. அறைக்குள் வந்துபோன மாமிகள் எல்லாரும் அந்தக் காதைப் பார்த்துவிட்டு வேறெதையோ தேடி வந்தமாதிரி திரும்பிப் போனார்கள். வாசலில் கௌசல்யாவின் குரல் கேட்டது: “நாழியாறதே, பொண்ணு ரெடியா?”

ஜெயலக்ஷ்மி மாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தலை நிறையப் பூ. அது இரண்டு காதையும் மறைத்துத் தொங்கியது.

“அந்த டப்பாவை எடு” என்றாள்.

“எந்த டப்பா?”

“சுமந்த் கொடுத்தது. கொண்டு வந்திருப்பே. என் பொண்ணு பிடிவாதம் எனக்குத் தெரியாதா?”

மீரா பையைத் திறந்து நீட்டினாள். மாமி தோட்டை எடுத்தாள். பழக்கத்தில் கை தானாக ஜன்னல் பக்கம் போயிற்று. அங்கே கிழக்கு வெயில் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து, சரியான இடத்தில் விழுந்திருந்தது. மாமி ஒரு கணம் நின்றாள். அப்புறம் மற்றொரு கையால் திரையை இழுத்து மூடினாள். அரை இருட்டில் மகளின் காதைத் தடவிப் பிடித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, தோட்டை நுழைத்து, திருகாணியை இரண்டு விரலால் இறுக்கினாள். பிறகு அடுத்த காது.

“வலிக்கறதா?”

“இல்லேம்மா.”

திருகாணி கீழே விழாமல் இருக்கிறதா என்று பார்க்க மாமி குனிந்தபோது பூச்சரம் விலகியது. கண்ணாடியில் மீரா அம்மாவின் காதைப் பார்த்தாள். தோடு இருந்த இடத்தில், புது விளக்குமாற்றிலிருந்து ஒடித்து, இரண்டு நுனியையும் அளவாக நறுக்கி, ஒரு ஈர்க்குச்சி சொருகியிருந்தது. மறு காதிலும்.